பிறப்பு இறப்புக் குமாஸ்தாவின் முதல் நாவல்

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வாரத்தில் ஏழு நாள் கிடையாது; பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு சனிக்கிழமைதான் உண்டு, அதுவும் அடிக்கடி வந்துவிடும். எழுத உட்கார்ந்து, பேனாவைத் துடைத்து, மை ஊற்றி, மறுபடியும் பேனாவைத் துடைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நானும் உங்கள் ஜாதிதான்.

முப்பதுகளின் நடுவில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், புதுச்சேரி மேரியில் நான் குமாஸ்தா. மேரி என்றதும் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடத்துக்கு அதுதான் பெயர். யார் பிறந்தாலும், யார் செத்தாலும், யார் கல்யாணம் கட்டினாலும் அங்கே வந்து சொல்ல வேண்டும். நான் பதிவேட்டில் பிரெஞ்சில் எழுதிக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தமிழில் எழுதுவேன். முதல் வேலை சுலபம். அதில் எல்லோரும் நிஜமானவர்கள்.

ஜமீன்தார் மகள்

என் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஞானப்பிரகாசத்திடம் போனேன். அவர் கடைத்தெருவில் சின்ன அச்சுக்கூடம் வைத்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். ஆசிரியர், பிழை திருத்துகிறவர், தபால்தலை ஒட்டுகிறவர் எல்லாம் அவரே. என் அத்தியாயத்தில் ஒரு ஜமீன்தார் மகள் நிலாவெளிச்சத்தில் தோட்டத்தில் உலாவினாள். கூடவே ஒரு மயிலும் உலாவியது. பதினாறு பக்கம்.

அவர் பொறுமையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அம்மாவை நீர் எங்கே பார்த்தீர்?" என்றார். பார்க்கவில்லை, கற்பனை என்றேன். "மயிலை?" என்றார். அதையும் பார்க்கவில்லை என்றேன். காகிதங்களை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கண்ணால பார்த்த ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு வாரும், அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல தலைவலித் தைலம் விளம்பரம் போட்டுக்கறேன்."

மறந்துபோன பேர்

அந்த ஆள் தானாகவே என் மேசைக்கு வந்தார். பேர் ஆரோக்கியசாமி, பஞ்சாலைத் தொழிலாளி. அரியாங்குப்பத்திலிருந்து இரண்டு சாட்சிகளோடு நடந்து வந்திருந்தார். மூன்று நாளைக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்திருந்தது. தகப்பன் பேர், தாய் பேர், ஊர் எல்லாம் எழுதியாயிற்று. குழந்தை பேர் என்ன என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். "வூட்ல சொல்லித்தாங்க அனுப்புனா. நீளமான பேரு. வழியிலதான் எங்கியோ வுட்டுட்டேன்" என்றார். சாட்சிகள் தங்களுக்குத் தெரிந்த அர்ச்சியசிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், பேரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். எதற்கும் அவர் தலை ஆடவில்லை. ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்கள், வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நானும் சொன்னேன்.

சாட்சிகளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு ஆற்றைத் தாண்டி ஊருக்குத் திரும்பிப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடுகள் அசைந்தபடி இருந்தன. வாசலில் யாரோ வணக்கம் சொன்னதற்குக்கூடப் பதில் சொல்லாமல் நேராக என் மேசைக்கு வந்து, "அமலோற்பவம்" என்று ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என் கதாநாயகன் கிடைத்துவிட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இவ்வளவு வெயிலில் எதற்கு இந்த நடை என்று கேட்டேன்.

"மூணு நாளு வலியில கெடந்து பெத்தவ ஆசையா ஒரு பேரு சொன்னா, நானா வேற ஒண்ண எழுதிட்டுப் போனா அவ மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

மூன்று பூ

பஞ்சாலைத் தொழிலாளி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே பெண் குழந்தை, அவனை ஓட ஓட விரட்டும் ஒரு மில் மேஸ்திரி. இதுதான் புதுக்கதை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் என் மனைவி செசிலிக்குப் படித்துக் காட்டுவேன். அவள் கன்னியர் மடத்துக்காக மேசை விரிப்புகளில் பூவேலை செய்துகொண்டிருப்பாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டாள். கதை உயிரோடு இருக்கும் இடத்தில் அவள் ஊசி நின்றுவிடும். மற்ற இடங்களில் ஓடும். ஊசி ஓடின இடத்தையெல்லாம் மறுநாள் அடித்துவிடுவேன். இதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை அகப்படவில்லை.

ஒருமுறை பழைய பழக்கத்தில் கடற்கரை, நிலா, அலை என்று நாலு பக்கம் எழுதிவிட்டேன். உருக்கமாகப் படித்து முடித்து, எப்படி என்று கேட்டேன். விரிப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"அந்த நிலா வந்ததுலேர்ந்து எனக்கு மூணு பூ முடிஞ்சிது."

குழந்தைக்குக் காய்ச்சல்

தேங்காய்த்திட்டிலிருந்து அஞ்சலை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாராவாரம் செசிலி வாசலில் நின்று கதையைச் சொல்வாள். இவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த அத்தியாயத்தில் அது இறந்துபோக வேண்டும். முதலிலேயே அப்படித்தான் திட்டம். ஞானப்பிரகாசமும் 'கல்லும் கண்ணீர் விடும் கட்டம்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டிருந்தார்.

அந்த வாரம் அஞ்சலை மீனைப் பற்றிப் பேசவே இல்லை. "பாப்பாவுக்குக் காச்ச வுட்டுச்சா?" என்றுதான் கேட்டாள். இன்னும் எழுதவில்லையாம் என்றாள் செசிலி. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கட்டும் என்றே அஞ்சலை குரலை உயர்த்தினாள்.

"உம் புருசங்கிட்ட சொல்லு, யாரையாச்சும் சாவடிச்சே ஆவணும்னா அந்த மில்லு மேஸ்திரி இருக்கறான்ல, அவன எடுத்துக்கச் சொல்லு!"

லூயியின் கை

இருபதாம் அத்தியாயம் வரவில்லை. உட்கார்ந்தால் முதல் வரியோடு நின்றுவிடும். இரண்டு வாரம் என் பக்கத்தில் தைல விளம்பரம் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ரொசாலி என்று ஒரு மகள் இருந்தாள். நாலு வயது. கதையில் வந்த மாதிரியே ஒரு காய்ச்சல், ஐந்தே நாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷமும் நானும் செசிலியும் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைப்பு.

ரொசாலி இறந்த மறுநாள் பதிவு செய்ய மேரிக்குப் போனேன். எழுத வேண்டிய குமாஸ்தாவும் நான்தான். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தேதி, மணி எல்லாம் வழக்கம்போல எழுதினேன். பேர் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் லூயி என்று ஒருவர். வேலை தவிர வேறு பேச்சே பேசாத மனிதர். எழுந்து வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும்.

"எழுந்திரு தம்பி, இந்த ஒரு பேரை நீ எழுத வேணாம், நான் எழுதறேன்."

தண்ணீர்

கதையில் எனக்காக எழுத லூயி வரமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதி முடித்தேன். குழந்தை தாயிடம் தண்ணீர் கேட்கிறது. குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. இதைச் செசிலிக்குப் படித்துக் காட்டவில்லை. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். பூசையிலிருந்து வந்தவள் கோட்டை வெளுக்கப் போட எடுத்தாள். பையில் காகிதம் இருந்தது. ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். நான் கூடத்தில் கொலைசெய்துவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றிருந்தேன்.

"இந்த எடம் சரியில்ல" என்றாள். எந்த இடம் என்றேன். "தண்ணி கேக்கறது. நம்ம ரொசாலி தண்ணி கேக்கல. 'அப்பா வந்துட்டாரா'ன்னு கேட்டா. ரெண்டு தரம் கேட்டா."

அன்றைக்கு நான் டாக்டரைக் கூட்டிவரப் போயிருந்தேன். அவரோடு வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் என்னைக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்று செசிலி மூன்று வருஷம் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கசங்கியிருந்த காகிதத்தைத் தொடைமேல் வைத்து நீவினாள். குரலில் குற்றம் சொல்கிற சாயலே இல்லை.

"கதையிலயாவது நீங்க நேரத்துக்கு வந்துடுங்களேன்."

கண்ணீர் விளம்பரம்

வந்துவிட்டேன். அன்று மத்தியானமே புது அத்தியாயம் எழுதினேன். தகப்பன் பஞ்சாலையிலிருந்து ஓடுகிறான், பாலத்தைத் தாண்டுகிறான், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போகிறான். குழந்தை "அப்பா வந்துட்டாரா" என்று இரண்டாந்தரம் கேட்கிறபோது, வந்துட்டேன் என்கிறான். காய்ச்சல் இறங்குகிறது. ஓர் இடம்கூட அடிக்கவில்லை.

ஞானப்பிரகாசம் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே படித்தார். குழந்தை சாகவில்லையே என்று சண்டை பிடிப்பார் என நினைத்தேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

"கண்ணீர்னு விளம்பரம் போட்டது பொய்யாவல, நானே அழுதாச்சு, நீர் கிளம்பும்."

பென்சில்

அதற்கப்புறம் செசிலி, ரொசாலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நானும் பேசினேன். சாயங்காலத்தில் கடற்கரையில் நடக்கும்போது ஒரு நாளைக்கு ஒன்று, சின்னதாக ஏதாவது. சில சமயம் சிரிப்போம்கூட. ஒரு நாள் அவள் ஒன்று சொன்னாள். அப்படி ஒன்றை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை சட்டைப் பையில் இருந்த பென்சிலுக்குப் போய்விட்டது. என்ன செய்வது, உங்களுக்கும் இந்த வியாதி உண்டே. அவள் பார்த்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பென்சில் பைக்குள்ளேயே கிடந்தது. அவள் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

"இது புஸ்தகத்துக்கு இல்ல, இது உங்களுக்கு."

எட்டு மாதம் எழுதி, அட்டையில் என் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டேன் என்றாலும், அந்த நாவலில் நான் சொந்தமாகச் சேர்த்தது காற்புள்ளிகள் மட்டும்தான், அவற்றிலும் பாதியை அச்சுக்கோக்கிறவர் இடம் மாற்றிவிட்டார்.