‘கொல்’லுக்கு நேரே என் பெயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கொம்பியூட்டரில் தமிழ் அட்டவணை போடுவதில் என்னை மிஞ்ச கல்முனையில் ஒருவனும் பிறக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்த கடையைச் சுனாமி உடைத்துக்கொண்டு போனது. பிரதான வீதியில் அதைவிடப் பெரிய கடை போட்டேன்.

சண்டை முடிகிற காலம். கடலடித்த ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்கென்று வந்த கொம்பியூட்டர்களுக்குத் தமிழில் கையேடு அச்சடிக்கும் வேலை என்னிடம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. இடப்பக்கம் கட்டளை, நடுவில் விளக்கம், வலப்பக்கம் உதாரணம். ‘யார்’ என்று கட்டளை கொடுத்தால் அந்த மெஷினில் வேலை செய்கிறவரின் பெயர் வரும். அதற்கு உதாரணமாக என் மனைவியின் தம்பி, என் கடையில் தட்டச்சுச் செய்த மச்சான், என் பெயரையே போட்டான். அடுத்த கட்டளை ‘கொல்’. சிக்கிக்கொண்ட புரோகிராமை நிறுத்துவது. அதற்கு உதாரணம் வெறும் இலக்கம்.

மடையன் கட்டம் போடவில்லை. ஸ்பேஸ் பாரை அடித்து அடித்து இடைவெளி விட்டிருந்தான். தமிழ் எழுத்தில் ஒன்று ஒல்லி, ஒன்று தடி, ஸ்பேஸுக்கு அடங்காது. அச்சில் விளக்கம் ஒரு வரி நீண்டு, என் பெயர் ஒரு படி கீழே, ‘கொல்’லுக்கு நேரே விழுந்தது. நான் பார்க்குமுன்னே, கையேடு கேட்டவர்களிடம் காட்டவென்று பக்கங்களை எடுத்துக்கொண்டு திருக்கோவில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான். வழியில் சோதனைச்சாவடியில் இராணுவம் அவனை இறக்கிப் பிடித்துக்கொண்டது.

தகவல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது காவலரணுக்குள் தரையில் கிடந்தான். வலக்கை விரல்கள் பூட்ஸில் நசுங்கிக் கறுத்திருந்தன. அந்த நாட்களில் அப்படி உள்ளே போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. அதிகாரிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, சிப்பாய் ஒருவன் வாசித்துச் சொன்ன தாளை என் முகத்தில் அடித்தார்.

“நானா,” என்று எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். “இதில ‘கொல்’. நேரே உங்கட பேர். இவன் உங்களக் கொல்லப் போறான்.”

“என்னக் கொல்ல நினைக்கிறவன் அத அச்சடிச்சு பஸ்ஸில கொண்டு போவானா சேர்? இவனுக்கு ஒரு வரியே நேரா அடிக்கத் தெரியா!”

பின்னால் நின்ற சிப்பாய் துவக்கைத் திருப்பி அதன் அடிக்கட்டையால் என் தாடையில் இடித்தான். வாய் நிறைய இரத்தம். துப்பிவிட்டு, மேசையில் இருந்த கொம்பியூட்டரைக் காட்டினேன்.

“அதுக்கு முன்னால என்ன இருக்க விடுங்க. சரியாக்கிக் காட்டுறன். பிழையாப் போனா ரெண்டு பேரையும் சுடுங்க.”

மச்சானின் சட்டைப்பையில் இருந்த பென் ட்ரைவைச் சொருகினேன். எழுத்துருவும் அதிலேயே இருந்தது. இடைவெளிகளை அழித்தேன். மூன்று நிரல் கட்டம் போட்டு ஒவ்வொரு சொல்லையும் அதன் பெட்டிக்குள் தள்ளினேன். விசைகளில் இரத்தம் சொட்டியது. என் பெயர் ஒரு படி ஏறி ‘யார்’ என்பதற்கு நேரே நின்றது. ‘கொல்’லுக்கு நேரே இலக்கம் வந்தது.

தமிழ் வாசிக்கத் தெரிந்த அந்தச் சிப்பாய் வாசித்துச் சொன்னான். அதிகாரி திரையில் விரலை வைத்தார்.

“யார்... நீங்கதானா?”

“ஓம் சேர். யார் எண்டு கேட்டா நான்தான். கல்முனையில எவனக் கேட்டாலும் அதுதான் வரும்.”

அவர் சிரிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையால் வாசலைக் காட்டினார்.

வீதிக்கு வந்ததும் மச்சானின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

“அல்லாஹ்! அவனுகள் அடிச்சது போதாதா மச்சான்?”

“அது ‘கொல்’லுக்கு. இது ஸ்பேஸுக்கு.”

கிழிந்த உதட்டோடு சிரித்தான். பிறகு அழுதான். பஸ் வந்தது. அந்தக் கையால் அவனுக்குக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கல்முனை வரும்வரை அவன் சட்டைக் கொலரை நான் விடவில்லை.