தண்ணீர் வரையாத படம்

எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம்தான் மாலை வகுப்பில் எழுதப் பழகினேன். மண்வெட்டி பிடித்த கை, பேனாவையும் அப்படியே இறுக்குகிறது. நாலு பேர் படிக்க நான் எழுதும் முதல் எழுத்து சுப்பையா அண்ணாச்சியைப் பற்றியது என்பதில், இந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து அவர் மகள் செல்வி போனில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாக." வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறகு ஞாயிறுதோறும் மம்சாபுரத்தில் எங்கள் கண்மாய்க் கரைக்கு வந்து வாட்டர் கலரில் படம் வரைவார். மேற்கே மலை, தண்ணீரில் அதன் நிழல். தாளை நனைத்து, ஈரம் காய்வதற்குள் நிழலை இறக்கிவிடுவார். நீலம் தானாகக் கசிந்து மூடுபனிபோலப் பரவும்.

ஒருநாள் என் எருமை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"ஏலே, ஒன் எருமை என் மலையக் கலக்கிட்டு!"

"கோவப்படாதீய அண்ணாச்சி, செத்த நேரத்துல தெளிஞ்சிரும்."

அவர் காத்திருக்கவில்லை. கலங்கிய நிழலையே வரைந்து, எருமையின் முதுகையும் சேர்த்து, மூலையில் ஏதோ எழுதி, படத்தை என்னிடமே கொடுத்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"என் பேருலே. தண்ணிய வரைஞ்சு முடிச்ச பொறவுதான் பேரு போடுவேன்."

"எருமை பேரை எழுதியிருந்தாலும் எனக்கு என்ன தெரியப்போகுது?"

கரை அதிரச் சிரித்தார்.

எழுத்துக் கூட்டப் பழகியதும் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் நான் முதலில் வாசித்தது அந்தப் பெயரைத்தான். உடனே போனில் சொன்னேன். "எருமை பேரு இல்லையே?" என்று கேட்டார்.

இந்தக் கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. மலையை மட்டும் வரைந்துவிட்டு, கீழே வெள்ளையாக விட்டிருந்தார். ஞாபகத்தில் இருப்பதை வைத்துத் தண்ணீரையும் வரைந்துவிடச் சொன்னேன்.

"காணாத தண்ணிய வரையமாட்டேன். மழை வரட்டும்லே."

மழைக்கு முன் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனபோது செல்வி அந்தப் படத்தை எடுத்துவந்தாள். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டிராயிங் மாஸ்டர் இருக்காராம். தண்ணிய முடிச்சித் தரச் சொல்லவா மாமா? அப்பா பேருகூட இல்லாம அரைகுறையா நிக்குது."

"வேண்டாம்மா. தண்ணி அப்பிடியே இருக்கட்டும். பேரை மட்டும் நான் எழுதட்டா?"

பென்சிலைக் கொடுத்தாள். எழுதினேன். மலையடியை ஒட்டி எழுதியதில் 'ப்'பின் புள்ளி சற்றுத் தள்ளி, மலைமேல் விழுந்துவிட்டது.

நேற்று இங்கே நல்ல மழை. கண்மாய்க்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

போய் வாருங்கள், அண்ணாச்சி. தண்ணீருக்கு முன்பே பேர் போட்டுவிட்டேன் என்று கோபப்படாதீர்கள். இப்போது செம்மண்ணாகக் கலங்கிக் கிடக்கிறது. அடுத்த வாரம் தெளிந்துவிடும். கரையில் உட்கார்ந்து, மலை அதில் எப்படி விழுகிறது என்று பார்த்து, உங்களுக்கு எழுதுகிறேன்.