கட்டம் நகர்ந்தால் வலையும் நகரும்

ஜாவாவில் ஒரு திரை செய்ய உட்கார்ந்தால் புரோகிராம் எழுதுவது பாதி வேலைகூட இல்லை, எதை எங்கே நிறுத்துவது என்பதுதான் உயிரை வாங்கும், மாட்டினவங்களுக்குப் புரியும்.

நான் பிளஸ் டூவோட படிப்பை விட்டவன். பழவேற்காட்டில் தேவி அக்காவோட கம்ப்யூட்டர் கடையில் வேலை. எங்க ஊர்ல எந்த வலைக்காரர் எந்த நாள் ஏரியில எந்த இடத்துல பிடிக்கணும்னு முறை உண்டு. அதுக்குப் பேரு பாடு. அந்தப் பாடு பட்டியலை மீனவர் சங்கத்து டிவியில காட்டணும். சொதப்பினா வேலை காலின்னு அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க.

அளந்து வச்சது

கட்டங்களைத் தானா அடுக்கித் தர்ற லேஅவுட்டே வேண்டாம்னு ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் கணக்குல வச்சேன். கடை கம்ப்யூட்டர்ல சூப்பர். சங்கத்து டிவியில போட்டதும் கடைசி வரிசை வெளியே போயிடுச்சு. முன்னாடி நின்ன ஆறுமுகம் மாமா கேட்டார்: "இன்னாடா, சனிக்கிழமையையே காணோம்? எங்கள பட்டினி போடுறியா?"

எல்லாம் ஒரே அளவு

அடுத்து கிரிட்லேஅவுட். எந்தத் திரையிலும் எல்லாக் கட்டமும் சமமா விரியுது. நிம்மதி. அப்போ ஒரு வீட்ல சாவு. அவங்களுக்கு அன்னிக்குப் பாடு இல்ல. பேரை எடுத்துட்டேன். இந்த லேஅவுட்டுக்கு இடைவெளின்னா என்னன்னே தெரியாது! பின்னால இருந்த பேரெல்லாம் ஒவ்வொரு கட்டம் முன்னாடி ஏறிடுச்சு.

டிவியைப் பாத்துட்டு ஒரு கூட்டம், மனப்பாடமா ஒரு கூட்டம், ரெண்டும் ஒரே இடத்துக்குப் போயிட்டாங்க. துடுப்பைத் தூக்கிட்டாங்களாம். அதுல ஒரு படகுல என் நைனாவும் இருந்தார். நெத்தியில ரத்தத்தோட வந்து நின்னார். நான் அழுதுகிட்டே சோறு போடப் போனேன். அவர் சொன்னது: "அழுவாத. சோறு அப்புறம். மொதல்ல அந்தக் கட்டத்தை ஒரே எடத்துல நிக்க வை."

எல்லாம் நடுவுல

கிரிட்பேக்லேஅவுட்டுக்கு மாறினேன். ஒவ்வொரு பேருக்கும் இத்தனாவது வரிசை, இத்தனாவது பத்தின்னு சொல்லணும். சொன்னேன். ஓடவிட்டா மொத்தப் பட்டியலும் திரை நடுவுல தீப்பெட்டி அளவுக்குச் சுருண்டு கெடக்கு! மிச்ச இடத்தை யாருக்குக் கொடுக்கணும்னு வெயிட்டுங்கிற எண்ணைப் போடல. போட்டதும் விரிஞ்சுது.

ஊரே பாக்க, சங்கத் தலைவர், "என் பேரையே எடுடா, பாப்போம்"னார். பயந்துகிட்டே எடுத்தேன். அவர் கட்டம் காலி. வேற ஒரு பேரும் அசையல. எனக்கே நம்ப முடியல. பின்னாலிருந்து ஆறுமுகம் மாமா கத்தினார்: "சட்டுனு திரும்பப் போடுறா! பாக்குறவன் தலைவர் பூட்டார்னு மாலையோட வந்துடப் போறான்!"

எந்த லேஅவுட் வேணா எடுங்க, ஆனா ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு பேரை அழிச்சுப் பாத்துடுங்க, இல்லன்னா மண்டை உடையறது உங்க வீட்டு ஆளோடதா இருக்கும்.