எல்மாஸின் பாட்டுக்கு அழாத பெண்

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் துருக்கிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மருதாணிக்குப் பாட எல்மாஸைத்தான் கூப்பிடுவார்கள். மணப்பெண்ணின் தலையில் சிவப்புத் துணி போர்த்தி உட்கார வைத்து, அவள் அழுத பிறகுதான் மருதாணிக் கிண்ணத்தை எடுப்பார்கள். எல்மாஸ் கஞ்சிராவைத் தட்டி, துருக்கியில் இருக்கும் யோஸ்கட் ஊரின் மலைப்பாதையையும் தாய்வீட்டு முற்றத்தையும் இழுத்து இழுத்துப் பாடினால் கல்நெஞ்சக்காரியும் கரைந்துவிடுவாள். கல்யாணமாகி அந்த ஊரை விட்டு வந்தவள் எல்மாஸ். அழுவது எந்த வீட்டுப் பெண்ணானாலும், பாடுவது என்னவோ தனக்காகத்தான்.

இன்று அவள் மகள் நிலாய்க்கே மருதாணி. மாப்பிள்ளை யோஸ்கட்டில் பல் டாக்டர். தனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, மகளாவது ஊர் திரும்புகிறாளே என்று எல்மாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாடினாள். சிவப்புத் துணிக்குள் அசைவே இல்லை. இன்னொன்று பாடினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"என்னடி எல்மாஸ், ஊரையே அழ வச்சே, உன் பொண்ணுகிட்ட பருப்பு வேகலையே!" என்றாள் பக்கத்து வீட்டு ஹூரியே. "புருஷன் வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரம் போல!"

பெண்கள் சிரித்தார்கள். எல்மாஸ் குனிந்து மகளின் காதில் சீறினாள். "மானத்த வாங்காதடி. ரெண்டு சொட்டு விட்டா கொறஞ்சா போயிடுவே?"

"வரலைம்மா. நான் என்ன பண்ண?"

நிலைமையைச் சமாளிக்கத் தோழி பெய்ஸா செல்போனில் இந்தக் காலத்துப் பாட்டொன்றைப் போட்டாள். துள்ளலான தாளம். வெளியே மழை, ஜன்னலுக்குக் கீழே டிராம் போகிறது, சமையலறையில் அம்மா விளக்கைப் போடுகிறாள், அங்கே நான் மட்டும் இல்லை என்று ஒரு பையன் பாடினான். சிவப்புத் துணி குலுங்கத் தொடங்கியது.

"இந்தக் கூத்துக்கா அழுறே? இதுல ஊரே இல்லையேடி!"

"இருக்கும்மா. அது நம்ம வீட்டு ஜன்னல்தானே." நிலாய் தேம்பினாள். "பொண்ணு ஊருக்குப் போறா, ஊருக்குப் போறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறே. நான் ஊரை விட்டுல்ல போறேன்."

எல்மாஸ் கஞ்சிராவை மடியில் இறக்கினாள். தான் யோஸ்கட்டை விட்டுக் கிளம்பிய அன்று, ஊர் வழக்கப்படி பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, சீக்கிரம் திரும்பி வா என்று நின்ற தன் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். அடுத்த கோடை வருவதற்குள் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டாள். இத்தனை வருஷமும் பிரிந்து போகிற மகளின் துக்கத்தையே பாடிப் பாடி, வழியனுப்பிவிட்டு நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எல்மாஸ் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கிண்ணம் வந்தது. மருதாணி வைத்துத் துணியால் கட்டிய கையால் நிலாய்க்கு அம்மாவின் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

"பாட்டை முடிடி எல்மாஸ்," என்றாள் ஹூரியே, இப்போது மெதுவாக.

எல்மாஸ் கஞ்சிராவை அவளிடம் நீட்டினாள்.

"நீ பாடு. எனக்கு வரலை."