பாவுக்குப் போன கஞ்சி

அன்று எங்கள் நெசவு வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. இஸ்திரிக் கடையில் கஞ்சி வாசம் அடித்தால் நான் இன்றும் எதிர்ப்புறம் போய்விடுவேன்.

யுத்த காலம். நூல் இல்லாமல் ராசிபுரத்தில் தறிகள் நின்றன. சோறு வடித்த வீடுகளில் கஞ்சி வாங்கிவந்து, எங்களைப் போன்ற பட்டினி வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுச் சின்னசாமி மாமா ஊற்றுவார்.

"ஒரு அகப்பை சேத்தி ஊத்தியிருக்கேன் சாமி, ஊரெல்லாம் சொல்லிப்போடாதே" என்று அன்று என்னிடம் சிரித்தார்.

அன்றைக்கென்று நூலும் வந்துவிட்டது. அப்பா அந்தக் கஞ்சியை எடுத்து, தறியில் ஏற்றத் தெருவில் நீளமாக விரித்த பாவு நூலில் விறைப்புக்காகத் தடவினார்.

"ஏனுங்க, கொழந்தைங்க குடிக்கிறதுங்க அது!" என்றாள் அம்மா.

"நெய்தாத்தானே நாளைக்குச் சோறு?"

தம்பி ஈரப் பாவில் விரலைத் தேய்த்து நக்கினான். நூல் அறுந்துவிடுமோ, அடி விழுமோ என்று பயந்தேன். அப்பா பார்த்தார். விரட்டவில்லை.