மூன்று கால் எழுத்து

தியாகராய நகரில் நேற்று ஓர் ஓட்டலில் சாப்பாட்டு அட்டையை நீட்டினார்கள். மேலே முள்ளும் கொம்புமாகக் கறுத்துத் தடித்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்ததும் சாந்தோம் அச்சகத்தில் எழுத்துக் கழுவிய மண்ணெண்ணெயின் வாசம் மூக்கில் ஏறியது.

அங்கே என் அத்தா அச்சுக் கோர்த்தார். ‘சர்ச் எழுத்து’ என்று நாங்கள் சொன்ன அது மாதாகோயில் அட்டைகளுக்குத்தான் வெளியே வரும்; மயிலாப்பூர் வக்கீல் ஒருவர், சுலபமாகப் படிக்க முடியாததே கௌரவம் என்று, மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் அதையே கேட்டார். சோறு கொண்டுபோன நான், ஏழு வயசுக்காரி, முள்ளைத் தடவிப் பார்க்கும் ஆசையில் அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டியை இழுத்தேன்; அத்தனை ஈய எழுத்தும் தரையில். அத்தா தலையில் கைவைத்தார்.

“இன்னா காரியம் பண்ணிட்ட ஆயிஷா? எனக்கு இங்கிலீஷா தெரியும்? எந்த எழுத்து எந்த அறைன்னுதான் தெரியும். எல்லாம் ஒரே மாதிரி கீது. சாயங்காலம் வக்கீல் ஆளு வந்தா என் வேல போச்சு.”

ஒவ்வோர் அறையிலும் மையில் ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்தாவது மிச்சமிருந்தது. அதை விரலால் தடவி, ஒற்றைக் கால், இரட்டைக் கால், மூன்று கால் என்று எண்ணி, அதன் ஜோடிகளைத் தரையிலிருந்து பொறுக்கிப் போட்டேன். மூன்று மணிக்குப் பெட்டி நிறைந்தது. பத்திரிகையில் ஒரு பிழை இல்லை. படித்தவன் எவனாவது செய்திருப்பானா? பள்ளிக்கூடத்தை மிதிக்காத நான் பிற்பாடு மூன்று அச்சகம் வைத்தேன்.

“படிக்கத் தெரியாம இன்னாத்தம்மா அவ்ளோ நேரம் பாக்குற?” என்றான் ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருந்த மகன்.

“இந்த மூணு கால் எழுத்து அத்தா பெட்டில மேல் வரிசை, நாலாவது அறைடா” என்றேன்.