உடன் உறங்குபவர் நிரப்ப வேண்டியவை

மும்பையில் ரயிலில் தூங்குவதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவது, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி தூங்குவது, இரண்டுமே இங்கே திறமையில்தான் சேரும். ஃபோர்ட்டில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் எனக்குக் கிளார்க் வேலை. செம்பூரில் இறங்க வேண்டியவன் வாரத்தில் இரண்டு நாளாவது வாஷி வரை போய்த் திரும்பி வருவேன். ஆபீசில் பைல் மேல் தூங்குவேன். கோயிலில் பிரசங்கம் தொடங்கினால் போதும். ஒரு பெரிய வியாழன் ஆராதனையில், கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கிப்போனதைப் போதகர் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் குறட்டையே விட்டிருக்கிறேன். அதிலிருந்து சபையில் எனக்குப் பதின்மூன்றாம் சீஷன் என்று பெயர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று ஊரில் சொல்வார்களே, என் உடம்பு அப்படி என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். மகளின் பிரசவத்துக்காகக் கோபர்கைரனேயில் அவள் வீட்டுக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். பேத்திக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிவைத்தேன். உண்மைக் காரணம் என் குறட்டைதான் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. எங்களுடையது ஒரு ரூம், ஒரு கிச்சன். போவதற்கு முந்தைய சில வருடங்கள் அவள் கிச்சனில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தலையணை போட்டுப் படுத்தாள். குறட்டை நின்றால் அவள் வந்துவிடுவாள் என்று நான் நம்பினேன். ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை. குறட்டைக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா என்ற இளக்காரம்.

போக வைத்தது பேத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு, அவளை என் மடியில் வைத்துவிட்டு மகள் துணி மடிக்கப் போனாள். அடுத்து எனக்குத் தெரிந்தது, என் முழங்கால் பக்கத்தில் மனைவியின் கை. குழந்தை நழுவித் தலைகீழாகத் தரைக்குப் போகும்போது அவள் பாய்ந்து பிடித்திருக்கிறாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு குழந்தையை என்னிடம் தரும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்துகொள்வார்கள். தற்செயலாக உட்கார்ந்த மாதிரி.

டாக்டர் என் கழுத்தை டேப் வைத்து அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதென்று சந்தேகப்பட்டார். பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, கூடவே நான்கு பக்கப் படிவம் ஒன்றும் தந்தார். மூன்று பக்கத்தை நானே நிரப்பினேன். டிவி பார்க்கும்போது தூங்குவீர்களா, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தூங்குவீர்களா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம். நான்காம் பக்கத்தின் மேலே, உடன் உறங்குபவர் நிரப்ப வேண்டியவை என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அப்படி யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அவளைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அவள் அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கேள்வியாக என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். பதிலை யோசித்துச் சொன்னாள், நான் எழுதினேன். மூச்சு நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. நிற்கும் என்றாள். எவ்வளவு நேரம் என்று அடுத்த கேள்வி.

"பரமண்டல ஜெபத்துல பாதி சொல்லி முடிக்க வரைக்கும்" என்றாள். "சில நாள் ஆமென் வரைக்கும் போயிருக்கு."

என் பேனா நின்றுவிட்டது. நான் மூச்சில்லாமல் கிடக்க, இருட்டில் உட்கார்ந்து இவள் ஜெபம் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சொன்னேம்லா. சொல்லயிலேயே தூங்கிட்டீய."

கிச்சனில் மகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். டாக்டர் சொல்கிறபடி மூச்சுக்கு ஒரு மெஷின் வைத்தால் குறட்டை நின்றுவிடுமாம், அப்போது வருவாயா என்று கேட்டதற்கு, முதலில் வையுங்கள் என்றாள்.

பரிசோதனைக்கு ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், மூக்கில் குழாய். ஒட்டிய அம்மா, கூட யார் தங்குகிறார்கள் என்று இந்தியில் கேட்டார். யாருமில்லை என்றேன். பக்கத்தில் துணைக்கு வருபவருக்கென்று விரித்திருந்த கட்டிலிலிருந்து தலையணையை எடுத்து என் தலைக்கு இரண்டாவதாக வைத்துவிட்டுப் போனார். மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் எனக்கு மூச்சு நின்றிருக்கிறது. ரிப்போர்ட்டைக் காட்டிய டாக்டர், நீங்கள் இத்தனை வருடமாகத் தூங்கவே இல்லை என்றார். பதின்மூன்றாம் சீஷன் என்று பேர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு தீர்ப்பு.

மெஷின் வந்தது. ஒரு டப்பா, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், மூக்கை மூடும் முகமூடி. அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். என் மீசை வழியாகக் காற்று கசிந்ததால் முப்பத்தைந்து வருட மீசையை எடுத்தேன். ஆபீசில் மராட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அப்பா தவறிவிட்டாரா என்று மெதுவாக விசாரித்தார்கள். அப்பா போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, மீசைதான் இப்போது போனது என்று எல்லோருக்கும் இந்தியில் விளக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் முகமூடியோடு மல்லுக்கட்டினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது தலை லேசாக இருந்தது. அன்று ரயிலில் தூக்கம் வரவில்லை. செம்பூரில் ஒழுங்காக இறங்கினேன். வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்தேன். முன்பெல்லாம் தட்டைக் கழுவும்போதே கண் செருகும். இப்போது ஏழரை ஆகிறது, எட்டு ஆகிறது, நான் முழித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நிற்கிறது. மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். டிவியைப் போட்டேன், அணைத்தேன். பதினொரு மணி வரைக்கும் இந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்கம் இருந்தவரை அவள் இல்லாததே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், சத்தம் போட்டே அழுதேன்.

தினமும் போன் செய்தேன். குறட்டை சுத்தமாக நின்றுவிட்டது, மெஷினே கணக்குக் காட்டுகிறது என்று சொன்னேன். நல்லது, உடம்புக்கு நல்லது என்றாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். வா என்று கூப்பிட்டால், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பாள். ஒரு மாதம் இப்படியே போனது. காரணம் குறட்டை இல்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. வேறு என்ன என்று கேட்கப் பயமாக இருந்தது.

கேஸ் கனெக்‌ஷன் அவள் பெயரில் இருக்கிறது. ஏஜென்சியில் வந்து விரல் ரேகை வைக்க வேண்டும் என்று செய்தி வந்ததால், ஒரு சனிக்கிழமை அவள் செம்பூருக்கு வந்தாள். அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மத்தியானம் இரண்டரை. என்னென்ன பேச வேண்டும் என்று நான் வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஜெபத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கமில்லை, அதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும். டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். பேத்திக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, இரவெல்லாம் தூக்கமில்லை என்று வரும் வழியில் சொல்லியிருந்தாள்.

எழுப்ப மனசு வரவில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்போல் இருந்தது. பிறகு டீ ஆறி ஆடை படிந்தது. மூன்றரை ஆயிற்று. எத்தனையோ மாதம் கழித்து வந்தவள், நான் பேசக் காத்திருக்கும்போது இப்படித் தூங்குகிறாளே என்று கோபம் வந்தது. அவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அந்த அறையில் நான் ஒரு சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு அவள் விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுப்பியிருக்கலாம்லா?"

அசதியாக இருந்தாய், விட்டுவிட்டேன், உன்னோடு பேச வேண்டும் என்றுதான் இருந்தேன் என்றேன்.

"ரெண்டு மணி நேரமா ஒத்தையிலயா இருந்தீய?"

ஆமாம் என்றேன். என் குரலில் குறை இருந்தது, அவளுக்கும் அது கேட்டிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நான் இருவது வருசம் இருந்தேன்" என்றாள்.

டீயைச் சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் தலையை முடிந்துகொண்டாள்.